சின்ன ராடுக்கு எந்த நரம்பு?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் காலையில்தான் எனக்கு இந்த விஷயம் உறைத்தது. புதுசாக ஒரு அல்ட்ராலைட் ராடு, அதாவது மிக லேசான தூண்டில் கம்பு, வாங்கியிருந்தேன். ஐந்தரை அடி, கையில் எடுத்தால் ஈர்க்குக்குச்சி மாதிரி இருக்கும், அதோடு தூண்டில் நரம்பு சுற்றும் 1000 சைஸ் சின்ன ரீல். சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவே கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் குளம் ஒன்றில், குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, மடைக்குப் பக்கத்தில் நின்று ஈயத் தலை வைத்த முள்ளான இரண்டு கிராம் ஜிக் ஒன்றைக் கட்டி வீசினேன். பதினைந்து அடி கூடப் போகவில்லை. திரும்பத் திரும்ப வீசினாலும் அதே கதைதான், ரீலில் இருந்து நரம்பு ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாகக் கிளம்பி முதல் வளையத்திலேயே போய் அடைத்துக்கொண்டது.

பக்கத்தில் மூங்கில் கம்போடு உட்கார்ந்திருந்த பெரியவர் மைதா உருண்டையை வைத்து ஜிலேபி மீனாகத் தூக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "எய்யா, கம்பு மெல்லிசு, நரம்பு தடி. எப்படிப் போகும்?" என்றார்.

பழைய ராடில் கிடந்த 0.30 மில்லிமீட்டர் நரம்பைத்தான் நான் அப்படியே இந்த ரீலுக்கு மாற்றிச் சுற்றியிருந்தேன். கெளுத்திக்கும் விராலுக்கும் சின்ன வயதிலிருந்து அதுதான் பழக்கம், தடியாக இருந்தால் அறுந்து போகாது என்ற ஒரே நினைப்புதான். ராடு வாங்க ஒரு மாதம் யோசித்தவன் நரம்புக்கு ஐந்து நிமிஷம் யோசிக்கவில்லை. அமெரிக்காவில் இந்த ராடுகளை வைத்துப் புளூகில், கிராப்பி போன்ற சின்ன மீன்களைப் பிடிப்பார்கள், வாணலிக்குள் முழுசாக அடங்கும் அளவு என்பதால் அங்கே அவற்றை பேன்ஃபிஷ் என்பார்கள். நமக்கு அந்த இடத்தில் இருப்பது ஜிலேபி, அதாவது திலாப்பியா. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், இன்றைக்கு நம் குளங்களில் அது இல்லாத குளம் அபூர்வம். உள்ளங்கை அகலம், நூறு இருநூறு கிராம் எடை. இந்த எடைக்கு 0.30 நரம்பு எதற்கு என்று பெரியவர் சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு நரம்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு கணக்கு எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. நரம்பின் தடிமனைப் பாதியாக்கினால் அதன் பலம் நாலில் ஒன்றாகும், ஏனென்றால் பலம் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஆனால் அதன் விறைப்பு பதினாறில் ஒன்றாகிவிடும். அதாவது 0.30இலிருந்து 0.15க்கு வந்தால் நாலு பங்கில் மூன்று பங்கு பலத்தை விடுகிறோம், பதிலுக்கு விறைப்பு பதினாறு மடங்கு இறங்குகிறது. இரண்டு கிராம் எடையால் இழுக்கவே முடியாத நரம்பு அப்போதுதான் இழுபட ஆரம்பிக்கும். ரீலில் நரம்பைச் சுற்றும் உருளையான ஸ்பூல் சின்னதாக இருந்தால் சுருள் விழுவதும் இதனால்தான், ஸ்பூல் சிறுசாக ஆக ஆக வளைவு இறுக்கமாகும், தடித்த நரம்பு அந்த வளைவை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

சரி, மெல்லிசு வாங்கலாம் என்று கடைக்குப் போனால் அங்கே வேறு குழப்பம். "அண்ணாச்சி, மெல்லிசு நரம்பு என்ன இருக்கு?" என்று கேட்டால் ஒரு பெட்டியில் பவுண்டு, இன்னொன்றில் கிலோ, மூன்றாவதில் வெறும் எண். நாலு பவுண்டு என்றால் சுமார் 1.8 கிலோ. ஆனால் நாலு பவுண்டு என்று எழுதிய இரண்டு நரம்புகள் ஒரே தடிமனில் இருக்காது. ஒரு கடையில் 0.16 என்று அச்சடித்த ஸ்பூலை வாங்கி வந்தேன், விரலுக்கே சந்தேகமாக இருந்தது. என் மச்சினன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் கொண்டுபோனேன், மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தவன், "அத்தான், இது 0.21. கொஞ்சம் தள்ளி வச்சா 0.20. ஒரே சீரா கூட இல்ல" என்றான். அன்றிலிருந்து எந்த நரம்பு வாங்கினாலும் முதலில் பட்டறைக்குத்தான் போகும். பெட்டியில் எழுதிய பலம் கூடுதலாகத் தெரிவதற்கு ஒரு சுலபமான வழி, நரம்பைத் தடியாகச் செய்துவிட்டு மெல்லிசு என்று எழுதிவிடுவதுதான். அதனால் நான் பவுண்டைப் பார்த்து வாங்குவதை விட்டுவிட்டேன், மில்லிமீட்டரைப் பார்த்து, அதையும் அளந்து பார்த்துத்தான் நம்புகிறேன்.

ஜப்பான் கணக்கில் எண் போட்டு வருகிறதே, அது இந்த விஷயத்தில் உதவும். அதில் 1 என்றால் 0.165 மில்லிமீட்டர், 0.8 என்றால் 0.148, 1.5 என்றால் 0.205. அந்த எண் தடிமனைச் சொல்வது, பலத்தை இல்லை. மைக்ரோமீட்டர் பக்கத்தில் கிடைக்காதவர்கள் இந்த எண்ணைப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் ஏமாற மாட்டார்கள்.

நம் குளத்து ஜிலேபிக்கு நான் கடைசியில் வந்து நின்ற அளவு 0.165, சாதாரண நைலான் நரம்பு. கடற்கரைப் பக்கம் தங்கூசி என்பார்களே, அதே சாமான்தான். மெல்லிசுதான் நல்லது என்று தெரிந்ததும் ஆசையில் ஒரு தடவை 0.12 வரைக்கும் இறங்கிப் பார்த்தேன். வீச்சு அற்புதமாகப் போனது, இரண்டு கிராம் ஜிக் குளத்தின் பாதி தூரம் போய் விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் அன்றைக்கு நாலு மீன் அறுத்துக்கொண்டு போனது. ஜிலேபி கனமான மீன் இல்லை, ஆனால் தூண்டில் முள் பட்டதும் தன் தட்டையான பக்கத்தைத் தண்ணீருக்குக் கொடுத்து வட்டமடிக்கும், அந்த இழுப்பு அதன் எடையைவிடப் பெரிசு. அது போதாதென்று முதுகுத் துடுப்பில் வரிசையாக முள், நரம்பு அதில் உரசினால் கீறல் விழும். அறுந்து போனால் நமக்கு ஒரு ஜிக் நஷ்டம், அவ்வளவுதான். மீனுக்கு வாயில் முள் தங்கிவிடுகிறது. ஜிலேபியில் பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்தான் வைத்துக் காப்பாற்றும். அந்த வாயில் என் முள்ளை விட்டுவிட்டு வந்தது அன்றைக்கு ராத்திரி முழுக்க மனதை அறுத்தது. அதோடு 0.12ஐ விட்டேன். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விடும் அளவுக்குச் சீக்கிரம் மீனைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு எது குறைந்தபட்சமோ அதற்குக் கீழே இறங்கக்கூடாது. முட்டை நிரம்பிய வாய் என்று தெரிந்தால் நான் வைத்துக்கொள்வதே இல்லை, விட்டுவிடுவேன்.

0.165இல் நரம்பு நன்றாக நிற்க வேண்டுமானால் டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை, சரியாக வைக்க வேண்டும். சூட்கேஸ் எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று வீட்டில் கிடந்தது, நரம்பின் நுனியை அதன் கொக்கியில் கட்டி ராடை வளைத்து இழுத்துப் பார்த்தேன். நான் கையால் குத்துமதிப்பாக இறுக்கி வைத்திருந்தது ஒரு கிலோவுக்கு மேல் போனது. நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சுற்றத் தொடங்க வேண்டும் என்பது கணக்கு, 1.8 கிலோ நரம்பானால் 450 கிராம். கையில் பிடித்தால் அது மிகத் தளர்வாகத் தோன்றும், இதில் மீன் வருமா என்று பயமாக இருக்கும். வரும். மீதியை ராடின் வளைவே செய்துவிடும், அந்த வளைவுக்காகத்தானே இந்த ராடையே வாங்கினோம். நைலானுக்கு இன்னொரு குணம், அறுவதற்கு முன் இருபது சதவீதத்துக்கு மேலேயே நீண்டு கொடுக்கும். தூரத்தில் ஆழத்தில் கொத்துவதை உணர அது இடைஞ்சல்தான், ஆனால் இருபது முப்பது அடிக்குள் நின்று பிடிக்கிற ஜிலேபிக்கு அந்த நீட்சி ஒரு மெத்தை மாதிரி.

பிரெய்டு பற்றிக் கேட்பவர்கள் நிறைய. நானும் ஆசைப்பட்டு 0.6 எண் பிரெய்டு வாங்கிச் சுற்றினேன். பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்தது, அதே தடிமனுக்கு நைலானைவிடப் பல மடங்கு பலம், அநேகமாக நீளாது, சுருளே விழாது. மாசியில் காற்றில்லாத காலையில் அதை வீசிய முதல் நாள், இத்தனை வருஷம் இது தெரியாமல் போனதே என்று தோன்றியது, மீன் ஜிக்கை முகர்ந்தால் கூட விரலுக்குத் தெரிந்தது. அப்புறம் ஆனி பிறந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்றைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆடி முடியும் வரைக்கும் குளத்தாங்கரையில் நின்றால் துண்டு தோளில் நிற்காது. பிரெய்டு தண்ணீரைவிட லேசு, மேலேயே மிதக்கும், காற்று அதைப் பிடித்து வில்லாக வளைத்துவிடும். இரண்டு கிராம் ஜிக் எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. அதுகூடப் பரவாயில்லை. தளர்வாகச் சுற்றிய பிரெய்டு அடுத்த வீச்சில் நாலு சுற்றாகச் சேர்ந்து கிளம்பி முடிச்சு விழும், ஒரு சாயங்காலத்தில் மூன்று தடவை அவிழ்க்க முடியாமல் வெட்டிப் போட்டேன், இருபது மீட்டர் போயிற்று. இப்போது என் முடிவு இதுதான்: காற்று மாதங்களில் நைலான், கார்த்திகை முடிந்து காற்று அடங்கிய பிறகு வேண்டுமானால் பிரெய்டு. இரண்டையும் தனித்தனி ஸ்பூலில் சுற்றி வைத்திருக்கிறேன். ரீல் வாங்கும்போது உபரி ஸ்பூலோடு வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், பின்னால் தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

பிரெய்டு சுற்றுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஸ்பூலின் அடியில் கொஞ்சம் நைலானைச் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டு பிடிக்காது, மொத்தச் சுற்றும் ஒன்றாக வழுக்கும், டிராக்தான் பழுதென்று நினைத்து நான் ரீலையே கழற்றிப் பார்த்துவிட்டேன். முள்ளை நேராகப் பிரெய்டில் கட்டவும் வேண்டாம். இரண்டு மூன்று அடி ஃப்ளூரோகார்பன் நரம்போ நைலானோ லீடராக, அதாவது பிரெய்டுக்கும் முள்ளுக்கும் நடுவே வரும் துண்டாக, சேருங்கள், இரட்டை யூனி முடிச்சு போதும். மறுகால் கல்லில் உரசினால் மெல்லிய பிரெய்டு பஞ்சு மாதிரி பிரிந்துவிடும்.

ஃப்ளூரோகார்பனை முழு ரீலுக்கும் சுற்றுவது இந்தச் சின்ன ரீலில் வேண்டாத வேலை என்பது என் கருத்து. நைலானைவிட விறைப்பு, 1000 சைஸ் ஸ்பூலில் அடங்காது. ஆனால் லீடராக அதற்கு இணை இல்லை. தண்ணீரை உறிஞ்சாது, வெயிலில் சீக்கிரம் கெடாது, கனமானதால் மூழ்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருடையது 1.33, நைலானுடையது அதைவிடத் தள்ளி 1.5க்கு மேல். அதனால் தண்ணீருக்குள் ஃப்ளூரோகார்பன் குறைவாகத் தெரியும். இதற்கு நம் தண்ணீரில் பலன் எப்போது என்றால், தை மாசியில் குளம் தெளிந்து அடி மண் தெரியும்போதுதான். ஐப்பசி கார்த்திகையில் மழைத் தண்ணீர் கலங்கலாக வந்து கிடக்கும்போது எந்த நரம்பைப் போட்டாலும் ஜிலேபிக்கு ஒன்றுதான், காசை மிச்சம் பண்ணுங்கள்.

சுற்றுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ரீல் பெட்டியில் 0.20 நரம்பு 100 மீட்டர் பிடிக்கும் என்று போட்டிருந்தால், 0.165 ஏறக்குறைய 147 மீட்டர் பிடிக்கும், தடிமன்களின் வர்க்க விகிதம்தான் கணக்கு. நாம் வாங்குவதோ 100 மீட்டர் ஸ்பூல். அதை அப்படியே சுற்றினால் ஸ்பூல் பள்ளமாக நிற்கும், நரம்பு விளிம்பில் உரசி உரசி வெளியே வர வேண்டியிருக்கும், வீச்சு பாதியாகும். அடியில் பழைய நரம்பைச் சுற்றி மேடாக்கிவிட்டு மேலே புதுசைச் சுற்றி, விளிம்புக்கு ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும். விளிம்பு வரை ஏற்றினால் தானாகக் கொட்டும். நைலானைச் சுற்றுவதற்கு முன் ஸ்பூலோடு ஒரு சட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள், ஊறினால் மெத்தென்றாகிச் சொன்னபடி கேட்கும். ஈரத் துணியில் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும், பத்துச் சுற்று சுற்றிவிட்டுத் தளர்த்திப் பார்த்து, முறுக்கு விழுந்தால் நரம்பு ஸ்பூலைத் திருப்பிப் போட வேண்டும்.

இருந்தும் முறுக்கு விழும். இழுக்கும்போது சுழலும் சின்ன ஸ்பின்னர் கட்டினால் கட்டாயம் விழும், அதற்கு ஒரு குட்டி ஸ்விவல், அதாவது சுழலும் இணைப்பு, போட வேண்டும். மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது நாம் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தாலும் விழும், இதைப் பழக்கத்தில் விடவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. முறுக்கு எடுக்க நம் ஊரில் ஒரு அருமையான வசதி இருக்கிறது, ஓடுகிற கால்வாய். பாலத்துமேல் நின்று நுனியில் முள், ஈயம், ஸ்விவல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் நரம்பைக் கன்னடியன் காலில் நாற்பது ஐம்பது மீட்டர் ஓட்டத்தோடு போகவிடுங்கள். இரண்டு நிமிஷம் அப்படியே பிடித்திருந்தால் நுனி சுழன்று சுழன்று முறுக்கைத் தானாக அவிழ்த்துவிடும், பிறகு இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துச் சுற்றி எடுத்தால் புது நரம்பு மாதிரி இருக்கும். வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் போராடியும் போகாத முறுக்கு இப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். யாரும் குளிக்காத, துவைக்காத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

முடிச்சு ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மெல்லிய நரம்பு அறுவது பெரும்பாலும் முடிச்சில்தான். எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள், வறண்டு இறுக்கினால் உரசும் சூட்டிலேயே பலம் குறைந்துவிடும். பாலோமர் முடிச்சு கற்றுக்கொள்ள எளிது, இருட்டிலும் கட்டலாம். தராசில் ஐந்தைந்து தடவை இழுத்துப் பார்த்ததில் எனக்கு அதுதான் அதிகம் தாங்கியது.

நம்முடைய வெயில்தான் நைலானுக்குப் பெரிய எதிரி. சித்திரை வெயிலில் ராடை பைக்கில் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய்வந்து, மொட்டைமாடி அறையில் ஜன்னலோரம் சாத்தி வைத்தேன், ஆவணியில் எடுத்தால் கையால் இழுத்தாலே பட்டென்று போகிறது. பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. இப்போது ரீலைத் துணிப்பையில் போட்டு பீரோவுக்குள் வைக்கிறேன், பங்குனிக் கடைசியில் ஒரு தடவையும் புரட்டாசியில் ஒரு தடவையும் மேல் ஐம்பது மீட்டரை மட்டும் மாற்றிவிடுகிறேன், அடியில் கிடப்பதைத் தொடுவதில்லை. மெல்லிய நரம்பு ஒன்றும் பெரிய விலை இல்லை.

கோரை ஓரத்தில் மட்டும் இந்த 0.165ஐ வீசாதீர்கள். பத்தமடைப் பாய்க்காரர்கள் இழையிழையாகக் கிழித்து நெய்கிற அந்தக் கோரை பார்க்க மென்மையாக இருந்தாலும், மீன் அதற்குள் ஒரு சுற்று போய்விட்டால் நரம்பு வராது. அதோடு அங்கே விரால் நிற்கும், ஜிலேபிக்கு வீசிய ஜிக்கை அது எடுத்தால் பல்லில் ஒரே வெட்டு. அமலைச்செடி அடைத்த இடமும் அப்படியே. அங்கெல்லாம் தடிக் கம்பும் தடி நரம்பும்தான் மரியாதை. முண்டந்துறைப் பக்கம் காட்டுக்குள் ஓடுகிற தண்ணீரும், பாபநாசம் படித்துறையில் ஜனங்கள் பொரி போட்டு வளர்க்கும் மீனும் நம் தூண்டிலுக்கு இல்லை, அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெட்டிய நரம்பை ஒரு மருந்து டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். போன மார்கழியில் மடைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கு காலில் யாரோ விட்ட நரம்பு சுற்றி வீங்கிக் கிடந்தது, பெரியவரும் நானும் சேர்ந்து துண்டைப் போட்டுப் பிடித்து வெட்டிவிட்டோம். பறக்கத்தான் செய்தது. கூந்தன்குளம் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் இரை தேடி நம் குளங்களுக்கும்தான் வருகின்றன, மெல்லிய நரம்பு அவற்றின் கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் பெரியவர் இன்னமும் அதே மடையில், அதே மூங்கில் கம்போடுதான் உட்காருகிறார். அவர் கம்பில் இப்போது நான் கொடுத்த 0.165 கிடக்கிறது, மைதாவுக்கு இது நல்லா உணர்த்துது என்று சொன்னார். அவருக்குக் கண் பார்வை கொஞ்சம் மங்கல், கீறல் தெரியாது. அதனால் போகும்போதெல்லாம் அவர் நரம்பின் கடைசி முழத்தை நகத்தால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு, முள்ளைத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் என் ராடைப் பிரிக்கிறேன்.